மேல குருணை, அடியில மாவு

உக்காருங்க அம்மிணி. அந்த முக்காலிய இக்கட்ட இழுத்துப் போட்டு உக்காருங்க. கரண்டு இப்ப வந்துரும். டிரான்ஸ்பார்மர்ல பீஸ் போயிருச்சாம், லைன்மேன் ஏறிட்டாருன்னு சொன்னாங்க. டப்பாவக் கீழ வைங்க, ஒருத்தரும் தொடமாட்டாங்க. கோதுமை அஞ்சு கிலோவா? இந்தப் பையில என்னங்க? ஓ, மொளகட்டுன ராகி. கொழந்தைக்கா? ஆறு மாசமா? நல்லா மொளகட்டியிருக்கறீங்க, வேரு அளவா விட்டிருக்குது. காய வச்சது மட்டும் கொஞ்சம் பத்தாது. பரவால்ல, நான் பாத்துக்கறேன்.

சித்தெ மெதுவாப் பேசலாமுங்களா? பின்னாடி ரூம்ல பையன் படுத்திருக்கறான். மணி பதினொண்ணு ஆச்சு, ஆமாங்க. என்ன பண்றது. முன்னெல்லாம் நான் மில்லு ஷட்டரத் தூக்குற சத்தத்துக்கே எந்திரிச்சிருவான். இப்ப மெஷின் ஓடுனாலும் தூங்கறான்.

நீங்க சோமனூருக்குப் புதுசு, அதான் தெரியாது. இங்க யாரை வேண்ணாலும் கேட்டுப் பாருங்க. மில்லுக்காரக்கா கிட்டக் குடுத்தா கேட்ட பதம் தப்பாதுன்னு சொல்லுவாங்க. இருவத்தி நாலு வருசமுங்க. புட்டுக்குன்னா புட்டுக்கு, முறுக்குக்குன்னா முறுக்குக்கு. ஒருத்தர் மாவு முடிஞ்சு அடுத்தவங்க பண்டத்தைப் போட்டா, மொத பிடி மாவ எடுத்து ஓரமா வச்சிருவேன். ஒருத்தர்து ஒருத்தர்துல கலக்கக் கூடாதில்லீங்க? ஒரு நோம்பிக்கு, பால்காரர் சம்சாரம் அதிரசத்துக்குப் பச்சரிசியக் கொண்டாந்து, குருணையா ஒடைச்சுக் குடுன்னுச்சு. அதிரசம் உதிந்து போகும் தாயின்னு சொன்னேன். எனக்கு அப்படித்தான் வேணுமின்னுச்சு. ஒடைச்சுக் குடுத்துட்டேன். அவங்க பண்டம், அவங்க இஷ்டம். நமக்கு என்ன?

என்ர ஊட்டுக்காரர் ஆரம்பிச்ச மில்லுதான் இது. பொன்னுசாமின்னு பேரு. அவரு இருந்தப்ப பதமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. காத்தால பத்து மணிக்கே வாசம் அடிக்கும். மொதல்ல டம்ளர்ல கால்வாசிங்க. ஒடம்பு வலிக்குதுன்னு கால் டம்ளரு. அப்பறம் அர டம்ளரு. அப்பறம் டம்ளரே தேவைப்படலை. கடைசி மாசம் வயிறு உப்பி, ஆஸ்பத்திரிக் கட்டில்ல என்ர கையப் புடிச்சுக்கிட்டு, பையனப் பாத்துக்கோன்னாரு. தரணிக்கு அப்ப ஏழு வயசு. அந்த ஒரு வார்த்தையத்தான் நான் இத்தனை வருசமாத் தலையில தூக்கிட்டுத் திரியறேன். பாத்துக்கிட்டேனா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

தரணிதரன்னு பேரு பையனுக்கு. கெமிஸ்ட்ரி படிச்சான். திருப்பூர்ல சாயப்பட்டறை லேபுல வேலை. கலரு கண்ணுல பட்டாப் போதும், என்ன என்ன எவ்வளவு சேர்த்திருக்காங்கன்னு சொல்லிருவான். பட்டறைய மூடுனாங்க, வேலை போச்சு. எட்டு மாசம் வீட்டுல இருந்தான். இருந்தான்னா சும்மா இல்லீங்க. எனக்கு மில்லுல ஒத்தாசை பண்ணுவான், மூட்டை எறக்குவான், தேஞ்ச அரவைக் கல்லக் கொத்திக் குடுப்பான். ஒரு நா மத்தியானம் சாப்புடறப்ப, அம்மா, நான் ஒரு வேலை கத்துக்கப் போறேன், வீட்டுலயே கொஞ்சம் செஞ்சு பழகோணும், தானியம் மொளகட்டோணும்ன்னான்.

மொளகட்டறதான்னு எனக்கு ஒரே சந்தோசம். சத்துமாவு போடப் போறான் பையன்னு நெனச்சுக்கிட்டேன். ஏனுங்க சிரிக்கறீங்க? நீங்களா இருந்தாலும் அப்படித்தான நெனச்சிருப்பீங்க. பெங்களூர்ல இருந்து ஒரு மூட்டை பார்லி வந்துச்சு, உமியோட. நான்தான் ஊற வச்சேன். நான்தான் சாக்கு நனைச்சு மூடி, நாலு நா வெரலு விட்டுக் கெளறி மொளகட்டுனேன். நான்தான் மொட்டை மாடியில காய வச்சேன். தெருப் பூராவும் சொல்லிட்டேன், தரணி சத்துமாவு போடறான், கொழந்தைக்குக் குடுத்தா கன்னம் உப்பும்ன்னு. கோயில் பூசாரி சம்சாரம் ரெண்டு கிலோ எனக்குன்னு சொல்லி வச்சுருச்சு.

அவன் அந்தப் பக்கம் ஒரு மில்லு பண்ணிட்டு இருந்தான். இருங்க, அந்தச் சாக்க எடுத்தா நீங்களே பாக்கலாம். இதாங்க. சின்னதுதான். ரெண்டு உருளை, லேத்து முருகையன் கிட்டக் குடுத்துக் கடைஞ்சது. தொட்டுப் பாருங்க, மேல முள்ளு முள்ளா இருக்குதா, அப்பத்தான் தானியத்தக் கவ்வி இழுக்கும். மேல தொட்டி வந்து எண்ணெய் டின்னை வெட்டுனது. பெல்ட்டும் புல்லியும் என்ர பழைய மெஷின்து. கிரைண்டர் மோட்டாரு. இந்தப் பக்கம் திருகு இருக்குது பாருங்க, இதத் திருகுனா ஒரு உருளை தள்ளிப் போகும், கிட்ட வரும். எடைவெளிய வேணுங்கறபடி வச்சுக்கலாம். இதுக்கு மட்டும் ஒரு மாசம் ஆச்சு. ரெண்டு தடவை பண்ணிப் பிரிச்சான். ஒரு பக்கம் ஒடையுது, ஒரு பக்கம் முழுசா உழுகுதுன்னு உருளையத் திருப்பிக் குடுத்துக் கடைஞ்சான்.

எங்கிட்ட ஏண்டா மில்லு இல்லையா, நான் அரைச்சுத் தர மாட்டனான்னு கேட்டேன். அதுக்கு அவன் சொன்னதுதான் எனக்கு அதிசயமா இருந்துச்சு. அம்மா, உன்ர கல்லு எல்லாத்தையும் மாவாக்கிரும். எனக்கு உமி முழுசா இருக்கோணும், உள்ள இருக்கற பருப்பு மட்டும் நாலா ஒடையோணும். உமிதான் அடியில பாய் மாதிரி படுத்து, தண்ணிய வடிகட்டிக் குடுக்கும். மாவாப் போச்சுன்னா பசையா அடைச்சுக்கும், ஒண்ணும் எறங்காதுன்னான். பழைய எட்டணாக் காசு ஒண்ண நூல்ல கட்டித் தொங்க விட்டான். இந்தக் காசு ரெண்டு உருளைக்கும் நடுவுல போகோணும், ஆனா புடிச்சாப்பல போகோணும், அதுதான் அளவுன்னு சொன்னான். அந்த எடத்துல திருகுல செவப்பா ஒரு புள்ளி வச்சான். இந்தா, காசு இன்னும் தொங்குது பாருங்க.

சத்துமாவுக்கு எதுக்குடா தண்ணிய வடிகட்டறேன்னு கேட்டேன். அப்பத்தான் சொன்னான், பீரும்மான்னு.

அந்தப் பார்லிய மொளகட்டுன கை இது. அவன் என்னென்னமோ சொன்னான். கூடப் படிச்ச ஜெரால்டு பெங்களூர்ல ஒரு ஓட்டல்ல இதே வேலையில இருக்கானாம், அங்கயே காச்சி அங்கயே விப்பாங்களாம், சர்க்காரே லைசென்ஸ் குடுத்திருக்காம். ஆள் எடுக்கறாங்களாம், படிச்சவன் வேணுமாம். ஆனா காச்சத் தெரியுமான்னு கையிலயே பாப்பாங்களாம், ஆடிப் பதினெட்டுக்குள்ள ரெண்டு பாட்டில் கொண்டாந்து குடுக்கோணுமாம். லேபு வேலை மாதிரிதாம்மா, நான் குடிக்க மாட்டேன், எனக்கு அப்பா ஞாபகம் இல்லையான்னான். சமையக்காரன் தின்னுட்டா இருக்கறான்னு கேட்டான். போலீசு வந்தா என்னடா பண்றதுன்னேன். இந்த ஒரு மாசம்மா, பழகற வரைக்கும்மான்னு என்ர தாடையப் புடிச்சான். முப்பது வயசுப் பையன், கொழந்தையாட்ட.

மொத தடவை அவனே ஒடைச்சான், அவனே காச்சுனான். பெரிய டபராவுல சுடுதண்ணி ஊத்தி, தெர்மாமீட்டர் வச்சுப் பாத்துட்டே நின்னான். அடியில பைப்பத் தொறந்தா, பொன்னு கணக்கா வடியுதுங்க. அதெல்லாம் புளிச்சு அடங்க ரெண்டு வாரம். அப்பறம் ஒரு நா சாயங்காலம் ஒரு பாட்டிலத் தொறந்தான். டம்ளர்ல ஊத்துனான். கால்வாசி.

சன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தான், மோந்து பாத்தான், ஒரு வாய் வச்சான். அப்படியே கண்ண மூடி நின்னான். மிச்சத்தத் தொட்டியில கொட்டிட்டு நோட்டு எடுத்து எழுதுனான், அது வேற விசயம். ஆனா அந்த மொகம் இருக்குதே, அவங்கப்பா மொகமுங்க. மீசை கூட அதே மீசை. எட்டு மாசமாச் சிரிக்காத பையன் சிரிக்கறான். கையில டம்ளரோட சிரிக்கறான். போற வழி இதுதான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க, நீங்க யாரு என்ன சொன்னாலும் சரி.

இத நான் ஒருத்தருகிட்டயும் சொன்னதில்லீங்க. நீங்க வெளியூரு, வாடகைக்கு வந்திருக்கறீங்க, அதனால சொல்றேன். சத்தமாச் சொல்ல முடியாது, கிட்ட வாங்க.

அடுத்த தடவை அவன் எங்கிட்ட, அம்மா, தண்ணி சூடு தப்பக் கூடாது, நான் அடுப்பாண்டயே நிக்கோணும், நீ ஒடைச்சுக் குடுத்துரு, உன்ர கை பட்டாப் பதம் தப்பாதுன்னான். காச விட்டுப் பாத்து, திருகப் புள்ளியில நிறுத்திட்டு மாடி அடுப்புக்குப் போனான். நான் திருக நெருக்குனேன். ஒரு சுத்து. காசு என்ன, காயிதமே போகாது. எடுத்த பார்லியில பாதிய அப்படியே மாவாக்கிட்டேன். அப்பறம் திருகப் பழையபடி புள்ளிக்குக் கொண்டாந்து மிச்சத்த அவன் கேட்டாப்பல ஒடைச்சேன். கூடையில அடியில மாவு, மேல குருணை. கொண்டுபோய் நானே டபராவுல கவுத்தேன். ஆவியில அவனுக்கு என்ன தெரியும்?

எறங்கலைங்க. பைப்பத் தொறந்தா ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு. கரண்டியால கெளறுனான். மேல சுடுதண்ணி ஊத்துனான். களி கெண்டுன மாதிரி நின்னு போச்சு. அவ்வளவையும் மாட்டுக்கு ஊத்துனோம். மாடு நல்லாக் குடிச்சுது. போனாப் போகுது விடு சாமின்னு சொல்லி அவனுக்குச் சோறு போட்டேன். மனசுக்குள்ள மாரியாத்தாளுக்கு மாவெளக்கு வேண்டிக்கிட்டேன், இதோட விட்டுறோணும்ன்னு.

விடுவானா? அடியில இருக்கற சல்லடை சரியில்லைன்னு புதுசு வாங்குனான். தண்ணி உப்புத்தண்ணின்னு அத்திக்கடவுக் கொழாத்தண்ணி புடிச்சு வச்சான். நான் மறுபடியும் நெருக்குனேன். மறுபடியும் களி. டபராவ மாத்துனான், பைப்ப மாத்துனான், ராத்திரியும் பகலும் நோட்டப் பொரட்டிட்டு உக்காந்திருந்தான். ஒடம்பு எளைச்சுப் போச்சு. பாக்கவே எனக்கு வெசனமா இருந்துச்சு. ஒரு தாய்க்கு அது எவ்வளவு கஷ்டம்ன்னு உங்களுக்குத் தெரியும், நீங்களும் ஒண்ணப் பெத்து வச்சிருக்கறீங்க.

ஒரு நா சாப்புட உக்காந்தவன் தட்டுலயே கை வச்சுட்டு என்னையப் பாத்துச் சொல்றான். அம்மா, எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன். ஒடைக்கறத மட்டும் மாத்திப் பாக்கல. அது நீ பண்றது, அதுல தப்பு இருக்காது. அப்ப எங்கிட்டத்தான் என்னமோ இல்லைம்மா. எனக்கு இது வராது போல இருக்குதுன்னான்.

சோறு ஆறுது, சாப்புடு சாமின்னு சொன்னேன். அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கலைங்க. பொய் சொல்லலை, அன்னைக்கு ஒரு நா மட்டும், சொல்லிரலாமான்னு தோணுச்சு. வாய் வரைக்கும் வந்துச்சு. அப்ப அந்தக் கால் டம்ளரு கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. முழுங்கிட்டேன்.

ஆடி பொறந்துருச்சு. கடைசியா ஒரு தடவைன்னான். மொத தடவ காச்சுனதுல மிச்சம் வச்சிருக்கப்படாதான்னு கேக்கறீங்களா? இருந்தது எல்லாம் ஜெரால்டு வந்தப்ப ருசி பாக்கக் குடுத்துட்டான். பிரமாதம்டா தரணின்னு அவன் கட்டிப் புடிச்சான், நான் வாசல்ல நின்னு பாத்தேன். சரி, கடைசித் தடவையும் நான்தான் ஒடைச்சேன். அன்னைக்குப் பாதியக் கூட விடலீங்க. முக்காலும் மாவு. எறங்காததத் துணியப் போட்டுப் புழிஞ்சான். அவங்கப்பா கல்யாண வேட்டி, பெட்டியில இருந்துச்சு, அதக் கேட்டான், எடுத்துக் குடுத்தேன். புழிஞ்சு காச்சிப் பாட்டில்ல ஊத்தி, அடங்குனதும் துண்டுல சுத்திப் பையில வச்சுக்கிட்டு பெங்களூருக்கு ரயிலேறுனான். நெத்தியில துண்ணூறு வச்சு விட்டது நான்தான்.

மறுநா சாயங்காலம் வந்துட்டான். பாட்டில் ஒண்ணு தொறக்காமயே திரும்பி வந்துருச்சு. மொத பாட்டில ஊத்திப் பாத்துட்டு, கலங்கலா இருக்குது, நாக்குத் தொவர்க்குது, தானியம் ஒடைக்கவே தெரியாதவனக் கூட்டிட்டு வந்திருக்கயேன்னு ஜெரால்டத்தான் திட்டுனாங்களாம். தானியம் ஒடைக்கத் தெரியாதவன்னு என்ர பையனச் சொல்லியிருக்கறாங்க பாருங்க. மில்லுக்காரி பையன. எனக்குக் கோவம் கோவமா வந்துச்சுங்க.

அப்பாடான்னும் இருந்துச்சு, அதையும் சொல்லிரோணும். மாவெளக்கு எடுத்தேன்.

ரெண்டு நா கழிச்சு, இந்த மில்ல யாருக்காச்சும் குடுத்துரலாம்ன்னு பிரிச்சுத் தொடைச்சுட்டு இருந்தான். நான் இங்கதான், இப்ப நிக்கற எடத்துல நின்னு மொளகாய் அள்ளிட்டு இருந்தேன். உருளைய வெளிய எடுத்தான். ரெண்டு ஓரத்துலயும் மாவு அப்பிக் கெட்டியா இருந்துச்சு. சுரண்டி உள்ளங்கையில வச்சான். வெரலுல தேச்சான். நைசு மாவுங்க, தாழம்பூப் பவுடராட்ட. அப்பறம் அந்தக் காச எடுத்தான், பாத்தான், மறுபடி தொங்க விட்டான். அப்பறம் என்னையப் பாத்தான். நீ நல்லா அரைப்பேம்மான்னான்.

அவ்வளவுதான். அவன் வாயில இருந்து நான் கேட்ட கடைசி நல்ல வார்த்தை அதுதானுங்க.

அன்னைக்குச் சாயங்காலம் கடைக்குப் போனான். எந்தக் கடைன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வந்தப்ப வாசம் அடிச்சுது. அதுல இருந்து இன்னைக்கு வரைக்கும், பதினாலு மாசமுங்க, ஒரு நா தவறலை. என்ர கையில சோறு வாங்கித் திங்கறதில்லை. சட்டியில இருந்து தானே போட்டுக்கறான், இல்லைன்னா வெறும் வயிறு. அம்மான்னு கூப்புடறதில்லை. மில்லுப் பக்கம் வர்றதில்லை, அவன் பிரிச்ச அந்தச் சின்ன மில்ல நான்தான் பூட்டிச் சாக்குப் போட்டு வச்சேன். போன வாரம் டாக்டரு கண்ணுல மஞ்ச தெரியுதுன்னாரு.

இப்பச் சொல்லுங்க. நான் அன்னைக்குப் பயந்தது சரியாப் போச்சா இல்லையா? ரத்தம் விடுமா? நான் தடுத்திருக்காட்டி, அங்க பெங்களூர்ல, கேக்க ஆளில்லாம, இன்னும் எப்படி ஆயிருப்பான்? இங்கயாச்சும் என்ர கண்ணு முன்னால கெடக்கறான். போர்வை வெலகுனா இழுத்து விட ஒருத்தி இருக்கறேன்.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க?

அவனுக்கா? தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பானில்ல? சண்டை போட்டிருப்பான், தட்டத் தூக்கி வீசியிருப்பான், ஏம்மா இப்படிப் பண்ணுனேன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பான். கேக்கட்டும்ன்னுதான் நானும் தெனமும் காத்துட்டு இருக்கறேன். ஒண்ணுமே கேக்கலையே. கேக்காதவன் கிட்ட நான் என்னன்னு சொல்றது?

அழுகலீங்க. மொளகாய் நெடி, கண்ணுல பட்டுருச்சு. இன்னைக்கு இன்னும் மொளகாய் அரைக்கலைதான். நேத்துது.

இந்தா, கரண்டு வந்துருச்சு. எந்திரிங்க, டப்பாவக் குடுங்க. பயப்படாதீங்க, சத்தத்துக்கு அவன் எந்திரிக்க மாட்டான். கோதுமை சப்பாத்திக்குத்தான, நைசு போட்டுர்றேன். இந்த ராகி? ஆறு மாசக் கொழந்தைன்னா நைசா அரைச்சுத் துணியில சலிக்கறதுதான் நல்லது. வேண்டாமா? கொஞ்சம் கரகரன்னா? தொண்டையில நிக்குமுங்களே. மாமியா அப்படித்தான் கேட்டாங்களா? சரிங்க. என்ன? கத்திச் சொல்லுங்க, மெஷின் ஓடுதில்ல, காது கேக்கலை! ஆங், கரகரன்னுதான். சரிங்க, சரிங்க. நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படித்தான். உங்க பண்டம், உங்க கொழந்தை. அதுல கை வைக்க நான் யாருங்க?